மின்கோபுரத் தடமும் ஓடை மீனும்: சுங்கை சிப்புட் பக்கம் எதைப் பார்க்க வேண்டும்

உயரழுத்த மின்கம்பி ஆற்றுக்கு மேலே போகிறது, அதனால் மீனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கம்பியைப் பற்றி எனக்கும் கவலையில்லை. கோபுரம் நட இயந்திரமும் லோரியும் உள்ளே போக வெட்டுகிறார்களே அந்த மண்பாதை, அது ஓடையைக் கடக்கப் போடும் குழாய், கம்பிக்கு அடியில் மொட்டையாகும் கரை: கேடு இந்த மூன்றில்தான் வருகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிளஸ் ஆற்றையும் கோர்பு ஆற்றையும் எல்லாருக்கும் தெரியும். அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும், செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் பெயரில்லாத ஓடைகளை யாரும் எண்ணுவதில்லை.

அதனால் தடத்தை நடந்தே பார்க்க வேண்டும். 1:50,000 வரைபடத்தில் இரண்டு மீட்டர் அகல ஓடை பெரும்பாலும் இருக்காது. கோபுரப் புள்ளிகளோடு பாதையின் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். கம்பி நேராகப் போகும்; பாதை மேட்டைச் சுற்றி வளைந்து ஒரே ஓடையை இரண்டு மூன்று இடத்தில் கடக்கும்.

கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஓடை வரும் பக்கம் 100 மீட்டர், ஓடிப்போகும் பக்கம் 300 மீட்டராவது பார்க்கலாம். தண்ணீர் கல்லில் மோதிச் சலசலக்கும் இடத்தில் இறங்கி, கைப்பிடியளவு கற்களை 30 எடுங்கள். வெளியே தெரிந்த பாகத்தில் பாசி பிடித்திருக்கும், புதைந்திருந்த பாகம் வெளிறியிருக்கும். அந்தக் கோட்டை வைத்து எத்தனை பங்கு புதைந்திருந்தது என்று அளந்து எழுதுங்கள். கெலா (kelah) போன்ற ஆற்று மீன்கள் சரளைப் படுகையில் முட்டையிடுபவை. கல் இடுக்கை வண்டல் அடைத்தால் உள்ளே நீரோட்டம் நின்று, முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மேலே தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கதை இதுதான். வேலை தொடங்குமுன் இந்த அளவு கையில் இல்லையென்றால், பிறகு "தோட்டத்தால் முன்பே கெட்ட ஓடை" என்று சொல்லிவிடுவார்கள். மறுக்க ஆதாரம் இருக்காது. தடம் தொடாத, அதே அளவுள்ள பக்கத்து ஓடை ஒன்றையும் ஒப்பீட்டுக்காக அளந்து வைப்பது அவசியம்.

தண்ணீர் மாதிரியை வெயில் காலையில் எடுத்தால் எல்லா ஓடையும் சுத்தமாகத்தான் தெரியும். இங்கே மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பரில் அதிகம். மழை பிடித்து ஓடை ஏறத் தொடங்கும் முதல் மணி நேரத்தில் ஒரு லிட்டர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 7 நாளுக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மலேசியாவின் தேசிய நீர்த்தரத்தில் இரண்டாம் வகுப்புக்கு, நீரில் கரையாமல் மிதக்கும் திடப்பொருளின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். வெட்டிய பாதையிலிருந்து இறங்கும் செம்மண் நீர் அதைச் சுலபமாகத் தாண்டும்.

குழாய் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. செலவு குறையட்டும் என்று சின்னக் குழாயைப் படுகை மட்டத்திலேயே வைத்து மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்கள். குறுகிய வாயில் தண்ணீர் வேகமெடுத்து, வெளிவாயின் கீழே படுகையைத் தோண்டும். சில மழைக்குப் பிறகு குழாய் அந்தரத்தில் தொங்கும், சின்ன மீன் மேலே ஏற முடியாது. ஓடையைத் தொடாமல் தாண்டும் இரும்புப் பாலம் நல்லது. குழாய்தான் என்றால் ஓடை அகலத்துக்குக் குறையாமல், விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்காவது படுகைக்குள் புதைய வேண்டும். உள்ளே ஓடைக் கல்லே கிடக்க வேண்டும்.

வண்டல் தடுப்புத் துணியை ஓடைக்குக் குறுக்கே கட்டக்கூடாது, முதல் வெள்ளத்திலேயே போய்விடும். சரிவில், சமமட்டக் கோட்டில், அடியை 15 சென்டிமீட்டர் மண்ணில் புதைத்துக் கட்ட வேண்டும். சிமெண்ட் கழுவிய நீரின் காரத்தன்மை pH அளவில் 12 வரை போகும். அது ஓடையில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். கழுவுகுழியை ஓடையிலிருந்து தள்ளி, தார்ப்பாய் விரித்து வையுங்கள்.

275 கிலோவோல்ட் தடத்துக்குச் சுமார் 40 மீட்டர் அகலம் வெட்டுகிறார்கள். கரையில் மட்டும் உயர்ந்த மரங்களை வெட்டிவிட்டு, வேரையும் புதரையும் விட்டுவைக்கலாம். நிழல் போனால் சிற்றோடை சூடாகும். கரை அத்திப்பழம் தின்னும் கெலாவுக்கு இரையும் போகும். பிறகு வருடா வருடம் புல்லுக்கு மருந்து அடிப்பதும் உண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 முதல் தடை, ஆனால் கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியோடு கலக்கும் ஒட்டு திரவமும் மீனுக்கு ஆகாது. கரையோரம் கையால் வெட்டச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34ஏ பிரிவில் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமாகும் திட்டமென்றால், ஒப்புதல் நிபந்தனைகளில் இவையெல்லாம் அளவோடு இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்தபின் தற்காலிகக் குழாயை எடுப்பது யார், எந்த மாதத்துக்குள் என்பதும் அதில் வேண்டும்.