சிலிக்காவில் மோட்டார் நின்றபோது

பூரி ஜகந்நாதரைப் பார்த்த மறுநாள், சும்மா இருப்பானேன் என்று சத்தபடாவுக்குக் கிளம்பினோம். 50 கிலோமீட்டர் சொச்சம். சாலை முடிகிற இடத்தில் சிலிக்கா. ஏரி என்று பெயர்தான், வங்கக் கடலோடு முகத்துவாரம் வழியாகக் கலக்கிற உப்பங்கழி. நம்ம பழவேற்காட்டுக்குப் பெரியண்ணன்.

இங்கே இருப்பவை ஐராவதி டால்பின்கள். நீண்ட மூக்கு கிடையாது, உருண்டைத் தலை, முதுகில் மழுங்கலாய்ச் சின்னதொரு துடுப்பு. பெயரென்னவோ பர்மா ஆற்றுடையது, ஆனால் 1866-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் இந்த இனத்தை முதலில் விவரித்தது விசாகப்பட்டினத்தில் கிடைத்த விலங்கை வைத்து. அந்த ஊரை நாங்கள் ரயிலில் தூங்கிக்கொண்டே தாண்டி வந்திருக்கிறோம்!

படகில் ஏறி முதல் ஒரு மணி நேரம் வலைக் கம்புகளும் நீர்க்காகங்களும்தான். அப்புறம் தூரத்தில் ஒரு துடுப்பு தெரிந்ததும் ஐந்து படகுகள் ஒரே பாய்ச்சலாய் அந்தப் பக்கம் திரும்பின, எங்களுடையதும் சேர்த்து. நானும்தான் "அதோ, அதோ" என்று கத்தினேன். அது முங்கி வேறெங்கோ எழ, மறுபடி துரத்தல். மூன்றாவது தடவை எங்கள் மோட்டார் இருமிவிட்டு நின்றது. காற்றாடியில் பாசி சுற்றியிருக்கிறது. படகுக்காரர் திட்டிக்கொண்டே கத்தியோடு பின்பக்கம் குனிந்தார்.

அந்த நிசப்தத்தில்தான் கேட்டது, 'ப்பூ' என்று ஒரு மூச்சு. அடுப்பு ஊதுகிற மாதிரி. படகிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பெரியது, ஒட்டினாற்போல் ஒரு குட்டி. பெரியதின் துடுப்பில், பின்விளிம்பில், கடித்த பிஸ்கட் போல ஒரு வெட்டு. வலையோ படகுக் காற்றாடியோ, எது கிழித்ததோ. ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி வெட்டுகளைப் படமெடுத்து வைத்துத்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்து அறிகிறார்கள். காயம்தான் அதற்கு ஆதார் அட்டை.

குளிர்காலத்தில் வனத்துறை கணக்கெடுக்கும்போது, பல படகுகள் ஒரே நேரத்தில் வகுத்த பாதைகளில் மெதுவாகப் போகும். ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடக் கூடாதல்லவா. ஒரு நொடி எழுந்து மறைகிற முதுகை எண்ணுவது லேசுப்பட்ட காரியமில்லை. மொத்தமே 150 வாக்கில்தான் தேறுகிறது.

இவை தாக்குப்பிடித்ததற்குக் காரணம் தண்ணீர்தான் என்று எனக்குப் படுகிறது. பழைய முகத்துவாரம் மண்மேடிட்டு உப்பு குறைந்துபோன ஏரிக்கு, 2000-இல் சிப்பகுடா பக்கம் புதிதாக ஒரு வாய் வெட்டினார்கள். மீன் திரும்பியது, ஈரநிலங்களைக் காக்கும் உலக ஒப்பந்தமான ராம்சரின், சீரழிந்துவரும் ஈரநிலங்கள் பட்டியலிலிருந்தும் 2002-இல் சிலிக்கா நீங்கியது. பிறகு, மூங்கிலும் வலையும் கட்டி இறால் வளர்த்த 'கேரி'களை நிறைய அகற்றியதும் இவற்றுக்கு உலாவ இடம் கிடைத்தது.

பாசியை அறுத்து முடித்ததும் மோட்டார் உறுமியது, இரண்டும் போய்விட்டன. மெதுவாகப் போகலாமே என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். படகுக்காரர் சிரித்தார். டால்பின் கண்ணில் படாவிட்டால் பாதிப் பேர் கூலியில் தகராறு செய்கிறார்களாம், துரத்தாமல் என்ன செய்வது என்றார். அதுவும் சரிதான். அடுத்த தடவை ஏறும்போதே சொல்லிவிடப் போகிறேன், காட்டாவிட்டாலும் முழுக் காசு என்று.