நுவரெலியாக் குளிரும் கட்டுக்குருந்த வெயிலும்: ஓர் எஞ்சின் ஒயில் நாட்குறிப்பு

2025 ஜனவரி 11, சனி

காலை ஏழு மணிக்குக் கராஜின் சுவரிலுள்ள வெப்பமானி 9 பாகை காட்டியது. தங்கையின் மகன் இரவோடிரவாகக் கொழும்பிலிருந்து ஓட்டிவந்த டொயோட்டா 86 கார் வாசலில் பனி பூத்து நின்றது. அடுத்த மாதம் நண்பர்களுடன் களுத்துறைக் கரையோரத்துக் கட்டுக்குருந்த ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பழகப் போவதாகவும், அதற்கு எந்த ஒயில் போடுவதென்று மாமாதான் சொல்ல வேண்டுமென்றும் கேட்டான். இருபத்தைந்து ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறேன், ஆனாலும் உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை.

இதன் எஞ்சின் எப்.ஏ.20 வகை. இரண்டு லீற்றர், 86 மில்லிமீற்றர் விட்டம், அதே அளவு வீச்சு. சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்த நிலையில் இருக்கின்றன. ஒயில் ஏறத்தாழ ஐந்தரை லீற்றர் கொள்ளும். கையேடு 0டபிள்யூ-20 போடச் சொல்கிறது; டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஒயிலின் தடிப்பையும், பின்னுள்ள எண் சூட்டில் அதன் தடிப்பையும் குறிக்கும். அதிக வேகத்திலும் கடும் சுமையிலும் ஓட்டுவதானால் கூடிய பிசுக்குமை, அதாவது கூடிய தடிப்பு, பொருத்தமாக இருக்கலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு கூட்டுவது என்பதற்கு அதில் விடையில்லை. அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கி வைத்தேன்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலுக்கு வந்த மூத்த பாஸ் ஒருவர், எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர்களில் ஒருவர், காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பந்தயமென்றால் 20டபிள்யூ-50 போடு, வேறு யோசனை வேண்டாம் என்றார். 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குப் பல கார்களைத் தயார் செய்த கை அவருடையது. அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அங்கே ஒரு ஓட்டம் ஒரு நிமிட அளவில் முடிந்துவிடும். ரேடியேட்டர் தண்ணீரை விட ஒயில் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், அந்த நேரத்துக்குள் எந்த ஒயிலும் தன் எல்லையைத் தொடுவதில்லை. ஓடுபாதையில் இருபது நிமிடம் இடைவிடாமல் ஓடுவது வேறு சோதனை.

குளிரில் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டேன். தரவுத் தாள்களில் 40 பாகைக்கும் 100 பாகைக்கும் உரிய பிசுக்குமையைத் தருவார்கள்; அந்த இரண்டு புள்ளிகளிலிருந்து ஏனைய வெப்பநிலைகளுக்கும் கணிக்கலாம். 10 பாகையில் 0டபிள்யூ-20 ஏறத்தாழ 180 சென்ரிஸ்டோக் (பிசுக்குமையின் அலகு), 5டபிள்யூ-40 ஏறத்தாழ 350, 20டபிள்யூ-50 ஏறத்தாழ 1,100. டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண் சைபருக்குக் கீழான குளிரில் செய்யும் சோதனைக்கு உரியது. 0டபிள்யூ என்பதற்கு எஞ்சினைச் சுழற்றும் சோதனை மைனஸ் 35 பாகையில் நடக்கிறது. நுவரெலியா அந்தக் குளிரை ஒருபோதும் காணாது. அதற்காக எங்கள் தைமாதக் காலைக்கு அந்த எண் பொருளற்றதாகிவிடாது. ஆறு மடங்கு தடித்த ஒயில் இரு பக்க ஓரங்களிலும் வால்வுகளைத் திறக்கும் கேம்களுக்குப் போய்ச் சேரும் வரை அந்த உலோகங்கள் பொறுத்திருக்க வேண்டியிருக்கிறதே.

2025 ஜனவரி 19, ஞாயிறு

ஒயில் பில்டருக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, அதில் வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் தனித்தனி உணரிகள் பொருத்தினேன். கையேடு சொன்ன 0டபிள்யூ-20 ஒயிலுடன் றம்பொடை வரை இறங்கி, அங்கிருந்து லபுக்கெலை வழியாக மூன்றாம் கியரை விடாமல் மேலே ஏறினோம். ஒயிலின் உச்ச வெப்பநிலை 104 பாகை. அமுக்கம் அசையவில்லை. 30 தரத்துக்கு மாறினாலே ஓடுபாதைக்குத் தாராளம் என்று முடிவு கட்டி, சாதாரண 5டபிள்யூ-30 ஊற்றி அனுப்பினேன்.

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

கட்டுக்குருந்த. களுத்துறைக் கரையோரத்துப் பழைய விமானத் தளம். பத்து மணிக்கே 32 பாகை. நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து மானிகளை மட்டும் பார்த்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொப்பியில் குறித்தேன். இரண்டாம் சுற்றில் 98, நான்காம் சுற்றில் 115, எட்டாம் சுற்றில் 131. அத்துடன் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நிமிடத்துக்கு 6,500 சுழற்சியில் 76 பி.எஸ்.ஐ. (அமுக்கத்தின் அலகு) காட்டிய அமுக்கம் 59க்கு இறங்கியிருந்தது.

அமுக்கமானி இரண்டு விதமாக நடந்துகொண்டது. இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சுற்றுக்குச் சுற்று இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. ஆகப் படிப்படியாக இறங்கியது ஒன்று. அது ஒயில் சூடேறி மெலிவதன் அடையாளம். நீண்ட வளைவு ஒன்றில் முள் திடீரென விழுந்து, நேர்ப்பாதை வந்ததும் எழுந்தது மற்றொன்று. அது பிசுக்குமையின் குற்றமன்று. படுத்த சிலிண்டர்களைக் கொண்ட இந்த எஞ்சினில் ஒயில் பக்கவாட்டில் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் கணநேரம் காற்றை இழுக்கிறது. அளவுக்கோலை எடுத்துப் பார்த்தபோது ஒயில் மேற்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. மேற்கோடு வரை நிரப்பியதும் அந்தத் திடீர் வீழ்ச்சி நின்றது. இதைத் தடித்த ஒயிலால் மறைக்க முயன்றிருந்தால் சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங்கை இழந்திருப்போம்.

2025 பெப்ரவரி 5, புதன்

மூன்று நாளாக ஒரே கேள்விதான்: றம்பொடை ஏற்றத்தில் 104, கட்டுக்குருந்தவில் 131, என் சோதனை எங்கே பிழைத்தது? விடை எங்கள் ஊரின் உயரத்தில் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அமுக்கம் கீழே உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அந்த மெல்லிய காற்றைத்தான் இழுக்கிறது. எரியும் பெற்றோலும் பிறக்கும் வெப்பமும் அதே விகிதத்தில் குறைகின்றன. சுற்றியுள்ள குளிர்காற்று எஞ்சினைத் தணிக்கவும் செய்கிறது. போதாததற்கு மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கால் பெற்றோல் மிதியை விட்டு எழும். முழு 7,000 சுழற்சியில் வேகம் பிடித்து, பிரேக் அடித்து, மறுபடி வேகம் பிடிப்பதை எங்கள் வீதிகளில் செய்யவே முடியாது. மலையில் செய்த சோதனையை வைத்துக் கடற்கரைக்கு ஒயில் தெரிவு செய்தது என் பிழை.

ஆகவே போத்தலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு வேறு வழியில் தொடங்கினேன். இந்த எஞ்சினை வடித்தவர்கள் 100 பாகையில் எட்டுச் சென்ரிஸ்டோக்குக்குச் சற்று மேலான ஒயிலை மனதில் வைத்தே பெயாரிங் இடைவெளிகளை அமைத்திருக்கிறார்கள். நான் ஊற்றிய 0டபிள்யூ-20க்கு அது 8.4. அந்த 8.4ஐ வேறு ஒயில்கள் எத்தனை பாகையில் தருகின்றன என்று கணித்தேன். நான் ஊற்றியனுப்பிய சாதாரண 5டபிள்யூ-30 ஏறத்தாழ 114 பாகையில் தருகிறது. அதே 30 தரத்தில் தடித்த பக்கமாக அமைந்த ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.ஈ.ஏ. வகுத்த சி3 வகை 118 பாகையில் தருகிறது. 5டபிள்யூ-40க்கு அது 125 பாகை. 131 பாகையில் என் 5டபிள்யூ-30 வெறும் 6.3 ஆக மெலிந்திருக்கும். 0டபிள்யூ-20 இருந்திருந்தால் 4.9.

இதோடு இன்னோர் அளவையும் பார்க்க வேண்டும். 150 பாகையில், பெயாரிங்குக்குள் நடப்பதைப் போன்ற வேகமான நழுவலில் அளக்கும் பிசுக்குமை அது. ஒயில் தரங்களை வகுக்கும் எஸ்.ஏ.ஈ. அமைப்பின் விதிப்படி 20 தரத்துக்கு இது குறைந்தது 2.6, 30 தரத்துக்கு 2.9, 5டபிள்யூ-40க்கு 3.5 மில்லிபாஸ்கல் செக்கன். சி3 வகைக்கும் 3.5 என்பதே கீழெல்லை. போத்தலின் முன்பக்கத்தில் 5டபிள்யூ-30 என்று ஒரே பெயர் தாங்கிய இரண்டு ஒயில்கள் இவ்வளவு வேறுபடுவதைப் பலர் கவனிப்பதில்லை. வாங்குவதற்கு முன் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள்.

பாஸின் 20டபிள்யூ-50க்கும் கணக்குப் போட்டேன். 131 பாகையில் அது 9.3. அந்தச் சூட்டில் அவர் சொன்னது சரியாகவே வருகிறது. அதை அவரிடம் போய்ச் சொல்லவும் வேண்டும். ஆனால் இந்தக் கார் காலையில் 9 பாகையில் புறப்பட்டு வீதியில் ஓடி ஓடுபாதைக்குப் போகிற கார். அந்தச் சில மணி நேரத்துக்கு அது மிகவும் தடித்தது.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

5டபிள்யூ-40 உடன் மீண்டும் கட்டுக்குருந்த. எட்டாம் சுற்றில் 133 பாகை. தடித்த ஒயிலைத் தள்ளுவதற்கும் அதனூடே சுழல்வதற்கும் வலு செலவாகி அதுவும் வெப்பமாகிறது என்பதால் இரண்டு பாகை கூடியதில் வியப்பில்லை. அமுக்கம் 66இல் நிலைத்தது. மருமகன் மகிழ்ந்தான், எனக்கு நிறைவில்லை. 133 பாகையில் இந்த ஒயிலும் 7.3 அளவில்தான் இருக்கும். அந்தச் சூட்டில் ஒயில் விரைவாக ஒட்சியேறும், அதைத் தடிப்பாக வைத்திருக்கும் நீள்சங்கிலிச் சேர்க்கைகளும் நறுக்கப்பட்டுக் குறுகும். இன்னும் தடித்ததற்குப் போனால் சூடு இன்னும் ஏறும். இனி மாற்ற வேண்டியது வெப்பநிலையைத்தான்.

2025 மார்ச் 1, சனி

முன்பக்கம் ஒயில் கூலர் பொருத்தினோம். ஒயில் சூடாகும் வரை கூலருக்கான வழியை மூடி வைக்கும் தேமோஸ்டற் இல்லாத மலிவான ஒன்றை வாங்கலாமென்று மருமகன் சொன்னான், நான் விடவில்லை. கூலருக்குள் எந்நேரமும் ஒயில் ஓடினால் எங்கள் ஊர்க் காலையில் அது சூடேறவே பாடுபடும். கடைவீதிக்கும் வீட்டுக்குமாக ஓடும் குறுந்தூரப் பயணங்களில் ஒயிலில் கலக்கும் பெற்றோலும் ஆவியாகாமல் தங்கி, நாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்த பிசுக்குமையைக் கெடுத்துவிடும். குழாய்களுக்கும் கூலருக்குமாகக் கூடுதலாக எவ்வளவு ஒயில் சென்றது என்று அளந்து குறித்துக்கொண்டேன்.

2025 மார்ச் 9, ஞாயிறு

சி3 வகை 5டபிள்யூ-30, கூலர், மேற்கோடு வரை ஒயில். வெளியே 33 பாகை. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது 116. அதற்கு மேல் ஏறவில்லை. 6,500 சுழற்சியில் அமுக்கம் 70. மருமகன் வாகனத்தை நிறுத்தப் போனான். எஞ்சினை அணைக்காமல் இன்னொரு சுற்று மெதுவாக ஓட்டச் சொன்னேன், 98க்கு இறங்கியது.

இரவு கினிகத்தேனை தாண்டியதும் குளிர் தொடங்கியது. நுவரெலியா வந்து சேர்ந்ததும் மூடியின் உட்புறத்தில் ஒட்டுவதற்குச் சிறு அட்டை எழுதினேன்: ஒயிலின் பெயர், வகை, கூலரோடு சேர்ந்த மொத்த லீற்றர், இன்றைய கிலோமீற்றர், இன்னும் ஒரு ஓடுபாதை நாள் கழிந்ததும் மாற்ற வேண்டும். கூலரைக் கழற்றினால் 5டபிள்யூ-40 என்று கடைசி வரியில் சிவப்பு மையில் சேர்த்தேன்.