அணைத்த மரபணு, அணையாத பட்டை

பிஎச்டி இரண்டாம் ஆண்டில் எனக்கு வந்த வேலை, ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய் செல்களில் என்க்யூஓ1 மரபணுவை எஸ்ஐ-ஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ இழை கொண்டு அடக்குவது. சிகரெட் புகையிலும் வண்டிப் புகையிலும் வரும் குயினோன்களின் நச்சை முறிக்கும் நொதிக்கான மரபணு அது. ஏ549 செல்லில் அதைக் கட்டுப்படுத்தும் கீப்1 என்ற புரதம் பழுதாகிவிட்டதால் இந்த நொதி ஏராளமாகவே இருக்கும்.

முதல் தடவை, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கண்ட்ரோல் செல்கள் உட்பட எல்லாம் செத்து மிதந்தன. தட்டை எடுத்துப் பார்த்த சீனியர் அக்கா, "மீடியத்துல பென்-ஸ்ட்ரெப் இருக்கா?" என்றார். இருந்தது. "எடுத்துடு. லிப்போஃபெக்டமின் வழிவிட்டா அதுவும் சேர்ந்து உள்ளே போயிடும்." எஸ்ஐ-ஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் கொழுப்புக் கலவைதான் லிப்போஃபெக்டமின். பென்-ஸ்ட்ரெப் என்ற ஆன்டிபயாட்டிக்கை நீக்கியதும் செல்கள் பிழைத்தன.

அடுத்த முறை, 24 மணி நேரத்தில் ஆர்என்ஏ எடுத்து, அதன் அளவைக் காட்டும் கியூபிசிஆர் ஓட்டினேன். சிடி மதிப்பு, அதாவது சிக்னல் தெரியவரும் சுற்று, 3 சுற்று தள்ளிப்போயிருந்தது. ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு. ஆக, புரதம் செய்ய மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலான எம்ஆர்என்ஏ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்! ஆனால் அதே செல்களின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் ப்ளாட்டில், 31 கிலோடால்டன் எடையில், என்க்யூஓ1 பட்டை கண்ட்ரோலில் இருந்ததைப் போலவே கறுப்பாக நின்றது.

ஆன்டிபாடியை மாற்றினேன். எஸ்ஐ-ஆர்என்ஏ அளவை 10 நானோமோலாரிலிருந்து 50க்கு ஏற்றினேன். அப்போதும் பட்டை அசையவில்லை, செல்கள்தான் வாடின. இரண்டு மாதம் இப்படியே போனது.

விடை கண்முன்னே இருந்தது. 21 எழுத்து நீளமுள்ள அந்தச் சிறு இழையை ஆர்கோனாட்2 என்ற புரதம் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் எம்ஆர்என்ஏவைத்தான் வெட்டுகிறது. ஏற்கெனவே உருவான புரதத்தை அது தொடுவதே இல்லை. என்க்யூஓ1 சீக்கிரம் சிதையாத புரதம். அது தானாகச் சிதைந்தும், செல் பிரியும்போது பங்கு பிரிந்தும்தான் குறைய வேண்டும். 24 மணி நேரத்தில் அதைத் தேடியது என் தவறு.

நான்கு நாள் வளர்ந்தாலும் நெருக்கியடிக்காதபடி செல்களைக் குறைவாக விதைத்தேன். 72 மணியில் பட்டை வெளிறியது. 96 மணியில் பென்சிலால் லேசாக இழுத்த கோடு மாதிரிதான் தெரிந்தது. அதற்குச் சற்று மேலே, ஒப்பீட்டுக்கான ஜிஏபிடிஎச் புரதத்தின் பட்டை எல்லாக் கட்டங்களிலும் ஒரே அளவு. அந்தப் படத்தை அன்று எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஒரே ஒரு எஸ்ஐ-ஆர்என்ஏவை நம்பக் கூடாது. ஓரளவு பொருந்தும் வேறு எம்ஆர்என்ஏக்களையும் அது அடக்கிவிடக்கூடும். எனவே அதே மரபணுவின் வேறு இடத்தைக் குறிவைக்கும் இரண்டாவது ஒன்றிலும் பட்டை மங்குகிறதா என்று பார்த்தேன். மங்கியது. அதற்குப் பிறகே குயினோனான மெனாடியோன் குப்பியைத் திறந்தேன்.