நூறு அடியில் நான்கு நொடி

ஹெலிகாப்டர் பயிற்சியில் எனக்குத் தூக்கம் போனது ஆட்டோரொட்டேஷன் கட்டத்தில்தான். என்ஜின் நின்றுபோனால் எப்படித் தரையிறங்குவது என்கிற ஒத்திகை அது. இடது கையில் இருக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலை முழுக்க இறக்கிவிட்டால், கீழிருந்து மேலேறும் காற்றே தலைக்கு மேலுள்ள ரோட்டரைச் (இறக்கை விசிறியை) சுழற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் ஓட்டியது ராபின்சன் நிறுவனத்தின் ஆர்22 என்ற சிறிய ஹெலிகாப்டர். அதன் ரோட்டர் லேசானது. கலெக்டிவை இறக்க ஓரிரு நொடி தாமதித்தாலே சுற்று வேகம் சரிந்துவிடும். அப்புறம் மீட்க வழியே கிடையாது.

முதல் நாளே பயிற்றுநர் ஒரு தாளை நீட்டினார். அதே ராபின்சன் நிறுவனம் 2003இல் வெளியிட்ட பாதுகாப்புக் குறிப்பு. நிஜத்தில் என்ஜின் நிற்பது அபூர்வம், அதற்கு ஒத்திகை பார்க்கப் போய்த்தான் ஆண்டுதோறும் பல ஹெலிகாப்டர்கள் நொறுங்குகின்றன என்று போட்டிருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தத் தாளில் இருந்த விதி இதுதான்: தரையிலிருந்து 100 அடியைத் தொடும்போது ரோட்டர் சுற்றைக் காட்டும் முள் பச்சைப் பட்டையின் நடுவில் இருக்க வேண்டும். வேகம் 60க்கும் 70 நாட்டுக்கும் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) இடையில் நிலையாக நிற்க வேண்டும். இறக்கம் நிமிடத்துக்கு 1500 அடிக்குள், திருப்பம் ஏதாவது இருந்தால் அதுவும் முடிந்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஒத்திகையைக் கைவிட்டு உடனே என்ஜினுக்குப் பவர் கொடுத்துவிட வேண்டியதுதான். நிமிடத்துக்கு 1500 என்றால் நொடிக்கு 25 அடி. ஆக, நமக்கு மிச்சமிருப்பது நான்கே நொடி.

இவ்வளவும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் ஒருநாள் கோட்டைவிட்டேன். 180 டிகிரி திரும்பி இறங்கும் பயிற்சி. குறித்த இடத்திலேயே போய் உட்கார வேண்டும் என்ற வீம்பில் கண் முழுக்கத் தரையில். மூக்கு மெல்ல மேலேறியதையும் வேகம் 50க்குக் கீழே போனதையும் கவனிக்கவில்லை. கவனித்தபோது 100 அடி, திருப்பமும் பாக்கி. 'பரவாயில்லை, ஃப்ளேரில் சரிக்கட்டிவிடலாம்' என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் வினை. ஃப்ளேர் என்பதே முன்வேகத்தைச் செலவழித்து இறக்கத்தைக் குறைப்பது. கையில் வேகமே இல்லாதவன் எதைச் செலவழிப்பான்?

"கன்ட்ரோல் எனக்கு!" என்றார் பயிற்றுநர்.

என்ஜினுக்குப் பவர் தரும் த்ராட்டில் திறந்தது. கலெக்டிவ் மேலே வந்ததும் எச்சரிக்கை ஹாரன் ஒரு கணம் அலறி அடங்கியது. சரிந்துகொண்டிருந்த வண்டி நிமிர்ந்தபோது ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இன்னொன்று போடலாமா சார்?" என்று கேட்டேன். அவமானம் பேச வைத்தது.

"இது எத்தனாவது?"

"நாலாவது சார்."

"தாளை முழுசாப் படிக்கலையா? தொடர்ந்து மூணு, நாலுக்கு மேல வேண்டாம்னு அதுலயே இருக்கு. நீங்க மட்டுமில்ல, நானும் களைச்சுப் போயிருக்கேன்."

அவர் களைத்திருப்பார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை முதல் முயற்சியில் 100 அடியில் 55 நாட். நானே "பவர்" என்று சொல்லி த்ராட்டிலைத் திறந்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது முறை எல்லாம் கூடிவந்தது. குறித்த இடத்துக்கு முப்பது அடி தள்ளித்தான் நின்றோம். அவர் தூரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.