புரையை எடுத்தால் எல்லாம் தெரியுமா?

கம்பத்தில் ஒரு கண் மருத்துவமனையில் ஆலோசகராக இருக்கிறேன். குமுளி மலையிறங்கும் பஸ்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் தேயிலை, ஏலத் தோட்டத்துக்காரர்கள். வெறும் கண்புரை என்றால் லென்ஸ் வகை, சர்க்கரை அளவு, துணைக்கு ஆள் என்று பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். புரைக்குப் பின்னால் வேறு நோயும் இருந்தால்தான் நீள்கிறது.

சென்ற ஆடியில் வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். வலது கண்ணில் புரை அதிகம். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் படத்தில், விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவும் வயதால் தேய்ந்திருந்தது.

"ஆபரேஷன் செய்தால் அம்மா பேப்பர் படிப்பார்களா?" என்று மகன் கேட்டார். படிப்பது கடினம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லி, விளக்கும் வேலையை என்னிடம் விட்டார். காலண்டர் தாளின் நடுவில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, மேலே எண்ணெய்த்தாளை விரித்தேன். எண்ணெய்த்தாளை உருவியதும் ஓரத்து எழுத்துகள் தெளிந்தன. நாணயம் அப்படியே கிடந்தது. மகனின் முகம் வாடிவிட்டது. அம்மாவோ குனிந்து அந்த ஓரத்தை விரலால் தடவினார். "இவ்வளவு தெரிந்தால் லயத்துப் படி தெரியுமா, தம்பி?"

எங்கள் எழுத்துப் பலகை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. கழிப்பறை வெளியே, படியெல்லாம் பாசி, மலையில் மழை. தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவருக்கு நடமாட்டமே போய்விடும். வெளிச்சமும் பக்கப் பார்வையும் கூடினாலே அவருக்கு லாபம் என்று நினைத்தேன். மருத்துவரும் அதையே சொன்னார். புரை விலகினால் விழித்திரையை அவரும் நன்றாகப் பார்த்துக் கண்காணிக்கலாம்.

எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது. சர்க்கரை நோயால் மாகுலா வீங்கியிருந்தால் பெரும்பாலும் முதலில் அதற்கான ஊசி. பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நோயில், நரம்பு இழந்த பார்வையைப் புரை அறுவை திருப்பித் தராது. "நன்றாக முற்றட்டும்" என்று காத்திருக்கச் சொல்லும் பழைய அறிவுரை மட்டும் எனக்கு எரிச்சலூட்டும். மிக முற்றிய புரையை எடுப்பது கடினம். சிலருக்குக் கண்ணின் அழுத்தமும் ஏறிவிடும்.

சொட்டு மருந்தில்தான் பேச்சு இழுத்தது. வாரக்கணக்கில் விட வேண்டும். மகனும் மருமகளும் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார்கள். கடைசியில் பக்கத்து லயத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி முறைப் பெண் ஒருத்தி காலையும் மாலையும் விடுவாள், பகல் வேளைக்கு அவளுடைய பாட்டி என்று ஏற்பாடானது. வலது கண் மட்டும், மழை ஓய்ந்த பிறகு. அந்தப் பெண்ணையும் ஒருமுறை கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.