பதின்மூன்றாம் நாள் பாக்கி

என் மாமியார் பாலக்காட்டுக்காரர். கல்யாணமான புதிதில், கேரளத்தில் ஆலுவா பக்கத்திலுள்ள திருவைராணிக்குளம் கோயிலுக்குப் போனபோது நாளைத் தப்பாக எண்ணிவிட்டார். அங்கே பார்வதி தேவியின் நடை தனு மாத (நம் மார்கழி) திருவாதிரையையொட்டி ஆண்டுக்கு 12 நாள்தான் திறக்கும். இவர் போய் நின்றது பதின்மூன்றாம் நாள். சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவருக்கு அப்புறம் போகவே வாய்க்கவில்லை. என் மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போனபோது, "தேவிக்கு ஒரு பட்டு நேர்ந்துக்கோ" என்றார். தை பிறந்து இரண்டே மாதத்தில் நிச்சயமானது. இது மகளுக்குப் பூத்திருவாதிரை, கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் திருவாதிரை.

ஆலுவாவில் இறங்கியதுமே ஆட்டோக்காரரோடு பஞ்சாயத்து. கோயில் பக்கம் ஒருவர், வரிசையில் நிற்காமலே உள்ளே விடுவதாக ஐநூறு கேட்டார். அம்பாளைப் பார்க்கவும் தரகரா? வரிசையிலேயே நின்றோம், மூன்றரை மணி நேரம். திருவாதிரை நோன்பு, அன்றைக்கு அரிசி கூடாது. எங்கள் பக்கம் திருவாதிரை என்றாலே அரிசிக் களி, ஏழுகறிக் கூட்டு. நினைக்க நினைக்க வயிறு கத்தியது. டப்பாவில் இருந்த கூவைக்கிழங்கு மாவுப் பாயசம்தான் காப்பாற்றியது.

இருவருக்கும் ஒரே ஸ்ரீகோயில், அதாவது கருவறை. மகாதேவர் கிழக்கே பார்க்க, தேவி மேற்கே பார்த்து நிற்கிறாள். முன்னால் நின்ற அம்மாளின் தோளுக்கு மேலே முதலில் விளக்குச் சுடர் தெரிந்தது, பிறகு பட்டு, பிறகு முகம். கேட்க ஒரு பட்டியலே வைத்திருந்தேன். வாயில் வந்ததோ மாமியாரின் பெயரும் நட்சத்திரமும்தான். "அன்னிக்கு வந்து திரும்பிப் போனாளே, அவ வீட்டிலேர்ந்துதான் வந்திருக்கோம் தாயே." அதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். பட்டை மகள் எப்போது கொடுத்தாள் என்றுகூட நான் பார்க்கவில்லை, கண் அப்படிக் கலங்கியிருந்தது.

ராத்திரி மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் தங்கினோம். முற்றத்தில் குத்துவிளக்கைச் சுற்றித் திருவாதிரைக்களி. நம் ஊர்க் களி இல்லை, ஆட்டம்! மகளையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். எல்லோரும் குனிந்து கைதட்டும்போது இவள் நிமிர்ந்து தட்டினாள். ஒரு பாட்டி ஆட்டத்தை விடாமலே இவள் தோளை அமுக்கித் தாளத்துக்குக் கொண்டுவந்தார். பாதிராவில் தசபுஷ்பம் என்கிற பத்து வகைப் பூவைச் சூட்டியபோது குழந்தை மாதிரித் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் தூங்காமல் காத்திருந்து போனை எடுத்தார். கூட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை, பட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

"கதவு தொறந்திருந்துதோ?"

"தொறந்திருந்தது அம்மா."