கார்பெட்டுக்கு அடியில்

மழைக்கு மறுநாள் காருக்குள் ஈரச் சாக்கு நாற்றம் வரும். ஏசியில்தான் ஏதோ கோளாறு என்று நானே முடிவு கட்டி, வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டு இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். வண்டிக்கு வயது 18. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்ததால் துரு என்ற நினைப்பே வரவில்லை.

போன மாதம் இடது பக்க முன் சீட்டுக்கு அடியில் விழுந்த பேனாவைத் துழாவினேன். விரலெல்லாம் ஈரம். அன்றே சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கினேன். மேலே காய்ந்துதான் கிடந்தது. அடியில் இருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. தரைத் தகடு செதில் செதிலாக உரிந்து கிடந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு 'டங்' என்றது. ஓரிடத்தில் 'பொத்' என்று சத்தம். முனையை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. உருவிப் பார்த்தால் ஓட்டை வழியே கீழே தரை தெரிகிறது!

சரி, மற்ற இடங்களையும் பார்த்துவிடலாம் என்று ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே உள்ள பட்டையில் ஓட்டினேன். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வந்ததும் பிடிப்பு விட்டுவிட்டது. அங்கே தகடே இல்லை, வெறும் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கும் பூச்சு. எனக்கு முன்னால் யாரோ துருவின் மேல் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கை சுத்தமான வேலை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் வந்த வழிதான் வேடிக்கை. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இலை விழுந்து மக்கி, மண்ணாகி, வடிகால் துளையை அடைத்திருக்கிறது. தேங்கிய மழைநீர் காற்று உள்ளே வரும் வழியாக வழிந்து கால் வைக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. ஒரு பிடி மண், அவ்வளவுதான். வெல்டிங்கை நினைப்பதற்கு முன் அதை அள்ளி எறிந்தேன்.

வெட்டும் வேலையை டிங்கரிங் தெரிந்த நண்பர் செய்தார். உள்ளங்கை அளவு ஓட்டை, பளிச்சென்ற தகடு வரும்வரை வெட்டியதில் ஒரு நோட்டுப் புத்தக அளவாகிவிட்டது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அடியில் போகும் பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் ஒதுக்கிய பிறகுதான் வெல்டிங் மிஷினைத் தொட்டார். புதுத் தகட்டை ஒரே இழுப்பாகப் பற்றவைக்காமல் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்தார். இல்லாவிட்டால் சூட்டில் நெளிந்துவிடுமாம். அப்புறம் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சாக எபாக்சி பிரைமர், இணைப்புகளில் தண்ணீர் புகாமல் இருக்க சீலர், மேலே பெயின்ட். கதவுப் பட்டையிலும் பட்டியைச் சுரண்டி எடுத்துத் தகடு வைத்தோம். அதன் உட்புறக் குழிக்குக் குழாய் விட்டு மெழுகு அடித்தோம். அதன் அடியில் இருந்த வடிகால் துளைகளையும் பழைய கறுப்புப் பூச்சு அடைத்திருந்தது. கம்பியால் குத்தித் திறந்தேன்.

கார்பெட்டை இன்னும் போடவில்லை. நேற்று முன் கண்ணாடி மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு, டார்ச்சோடு உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தேன். சக்கரத்துக்குப் பின்னால் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. தகட்டைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது.